புராஸ்டேட் புற்றுநோய்க்கு கீமோ மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறார்களா? கையெழுத்துக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை

ஹார்மோன் ஊசி இனி கேட்காது என்று சொன்ன மருத்துவர், அதே மூச்சில், "கீமோவோடு ஒரு புது மருந்தையும் சேர்த்துச் சோதித்துப் பார்க்கிறோம், சேர்கிறீர்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். 22 பக்கச் சம்மதப் படிவம் ஒன்றை மேசை மேல் வைத்தார். அப்பா நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார். நான் படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரத்திலும் அதற்குப் பின் வந்த ஆறு மாதத்திலும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரிடம் பேசித்தான். ஆனால் என்ன கேட்கவேண்டும் என்பது தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தபிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும்.

முதல் வேலை, படிவத்தை வீட்டுக்கு எடுத்துவாருங்கள். இது உங்கள் உரிமை, யாரும் சலுகை காட்டுவதாக நினைக்கவேண்டாம். இப்போதே கையெழுத்துப் போட்டால்தான் இடம் கிடைக்கும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்கு என்ன காரணம் என்று கேட்டுவிடுங்கள்.

நோய் உண்மையிலேயே ஹார்மோனுக்கு அடங்காததுதானா?

ஆண் ஹார்மோனை நிறுத்தினால் புராஸ்டேட் புற்று சுருங்கும் என்று சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார், அதற்காக 1966-இல் நோபல் பரிசும் வாங்கினார். இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். விரைகளை எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் ஊசி போட்டு டெஸ்டோஸ்டிரோனை அடக்குவார்கள். சிலருக்குச் சில மாதம், சிலருக்குப் பல வருடம் இது தாங்கும். அப்புறம் அந்தச் செல்கள் கொஞ்சநஞ்சம் மிச்சமிருக்கும் ஹார்மோனை வைத்தே வளரப் பழகிவிடுகின்றன.

இந்த நிலைக்கு வந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும். ஊசி ஒன்று தள்ளிப்போயிருந்தாலோ சரியாக ஏறாமல் இருந்தாலோ ஹார்மோன் மேலே வந்திருக்கும், பிஎஸ்ஏவும், அதாவது புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவும், கூடவே ஏறியிருக்கும். அப்படியானால் சிக்கல் ஊசியில்தான், நோய் இன்னும் ஹார்மோனுக்கு அடங்கக்கூடியதாகவே இருக்கலாம். "கடைசியாக டெஸ்டோஸ்டிரோன் எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது?" என்று கேளுங்கள்.

பிஎஸ்ஏ ஒரு தடவை ஏறியதை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. இதுவரை இறங்கிய ஆகக்குறைந்த அளவிலிருந்து 25 சதவீதமாவது கூடியிருக்கவேண்டும், அந்தக் கூடுதல் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமாவது இருக்கவேண்டும், குறைந்தது மூன்று வாரம் கழித்து எடுக்கும் இன்னொரு பரிசோதனையும் அதையே சொல்லவேண்டும். ஆய்வுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொள்கின்றன. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் அந்த ஒரு தாளைப் பார்த்தபிறகு மருத்துவர் பேசுகிற விதமே மாறிவிடும்.

ஆண் ஹார்மோன் செல்லில் வேலை செய்யாமல் தடுக்கும் பைகலூட்டமைடு, ஃப்ளூட்டமைடு போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருந்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அவற்றை நிறுத்தியதாலேயே சிலருக்குப் பிஎஸ்ஏ இறங்கும். அதனால் ஃப்ளூட்டமைடை நிறுத்தி 4 வாரம், பைகலூட்டமைடை நிறுத்தி 6 வாரம் பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் ஆய்வில் சேர்ப்பார்கள். இல்லையென்றால் பிஎஸ்ஏ இறங்கியது புது மருந்தாலா பழைய மாத்திரையை விட்டதாலா என்று யாராலும் சொல்லமுடியாது. வெறுமனே காத்திருக்க வைக்கிறார்களே என்று எங்களுக்கும் பதற்றமாகத்தான் இருந்தது. ஆனால் ஹார்மோன் ஊசி அப்படியல்ல, கீமோ ஓடும்போதும் அது தொடரும். "அதுதான் கேட்கவில்லையே, எதற்கு இன்னும்?" என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். அடங்காத செல்களுக்கு நடுவில் அடங்குகிற செல்களும் இருக்கின்றன, ஊசியை விட்டால் அவையும் கிளம்பிவிடும். அதனால்தான்.

இந்தச் சோதனை இல்லையென்றால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் படிவத்தைத் தொடாதீர்கள். ஒரு காலத்தில் பதில் சின்னதாக இருந்தது, இப்போது அப்படி இல்லை. 2004-இல் டோசிடாக்செல் என்ற கீமோ, 2010-இல் கபாசிடாக்செல் என்ற இன்னொரு கீமோ, ஹார்மோன் வழியில் வேலை செய்யும் மாத்திரைகளாக 2011-இல் அபிராட்டரோன், 2012-இல் என்சலூட்டமைடு, 2013-இல் எலும்புக்குப் போகும் கதிரியக்க மருந்து ரேடியம் 223, 2020-இல் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஒலபாரிப், 2022-இல் லூட்டீசியம் என்ற இன்னொரு கதிரியக்க மருந்து என்று அமெரிக்காவில் மட்டும் வரிசையாக அனுமதி கிடைத்திருக்கிறது. இவற்றில் எதெல்லாம் எடுத்தாகிவிட்டது, எது மிச்சம், பிஆர்சிஏ போன்ற மரபணுப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று பாருங்கள். அப்புறம், இந்த ஆய்வில் சேர்ந்தால் நாளைக்கு வேறொரு சிகிச்சைக்கோ ஆய்வுக்கோ கதவு அடைபடுமா என்றும் கேளுங்கள். ஒருமுறைக்கு மேல் கீமோ எடுத்தவர்களைச் சேர்க்காத ஆய்வுகள் உண்டு. நோயின் ஆரம்பத்தில் ஹார்மோன் ஊசியோடு சேர்த்து எடுத்த டோசிடாக்செலும் அந்தக் கணக்கில் சேருமா என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும்.

எந்தக் கட்டம், எதோடு ஒப்பீடு

முதல் கட்ட ஆய்வு என்றால், எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதுதான் அதன் கேள்வி. குறைந்த அளவில் தொடங்கி, பெரும்பாலும் மும்மூன்று பேராக, யாருக்கும் பெரிய தொல்லை வராவிட்டால் அடுத்த மூவருக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இதில் சேர்வதாக இருந்தால், "எனக்கு முன்னால் எத்தனை பேர் இதை எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆனது?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டாம் கட்டம், நோய் மேல் மருந்து ஏதாவது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. மூன்றாம் கட்டத்தில்தான் இப்போது புழக்கத்தில் இருக்கும் சிகிச்சையோடு நூற்றுக்கணக்கான பேரை வைத்து ஒப்பிடுவார்கள்.

இரண்டாம் கட்டத்தில் நன்றாக வந்ததே என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டோசிடாக்செலோடு கால்சிட்ரியாலை, அதாவது வைட்டமின் டி-யின் வீரியமான வடிவத்தை, அதிக அளவில் சேர்த்துக் கொடுத்த ஆய்வு இரண்டாம் கட்டத்தில் பெரிய நம்பிக்கை தந்தது. மூன்றாம் கட்டத்தில் கால்சிட்ரியால் எடுத்த பக்கத்தில் இறப்பு அதிகமாகத் தெரிந்ததும் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். லெனலிடோமைடைச் சேர்த்துப் பார்த்ததும் அப்படித்தான் நின்றது. பெவாசிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், டாசாட்டினிப் என்று டோசிடாக்செலோடு கூட்டுச் சேர்த்த இன்னும் பல மருந்துகள் ஆயுளைக் கூட்டவில்லை. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. விடை தெரியாததால்தான் சோதனை நடக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு சேரவேண்டும், அவ்வளவுதான்.

வெறும் சலைனை ஏற்றி ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் வரும். கபாசிடாக்செலுக்கு அனுமதி வாங்கித்தந்த டிராபிக் ஆய்வில் இருந்த 755 பேருக்கும் உண்மையான கீமோதான் போனது, ஒரு பாதிக்குக் கபாசிடாக்செல், மறுபாதிக்குப் பழைய மைட்டோசான்ட்ரோன். கூட்டு மருந்து ஆய்வுகளில் பொதுவாக டோசிடாக்செல் எல்லாருக்கும் உறுதி, அதோடு சேர்வது புது மருந்தா அதே போலிருக்கும் வெற்று மாத்திரையா என்பதை மட்டும் கணினி குலுக்கிப்போடும். யாருக்கு எது என்று மருத்துவருக்கே தெரியாது. அப்பாவின் ஆய்வும் இந்த மாதிரிதான். ஆனால் எல்லா ஆய்வும் இப்படி இல்லை. "எனக்குப் புது மருந்து விழவில்லை என்றால் சரியாக என்ன கிடைக்கும்?" என்று கேளுங்கள், பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எதை அளக்கப்போகிறார்கள்?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மருந்து "வேலை செய்தது" என்று சொன்னால் எது மாறியது என்று அர்த்தம்? பிஎஸ்ஏ இறங்கியதா, வலி குறைந்ததா, ஸ்கேனில் நோய் பரவாமல் நின்றதா, ஆள் கூடுதல் நாள் இருந்தாரா? இவை நான்கும் வெவ்வேறு. ஒன்று நடந்தால் மற்றது நடக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

1996-இல் மைட்டோசான்ட்ரோன் வந்த கதையைப் பாருங்கள். 161 பேர், எல்லாருக்கும் வலி. பாதிப் பேருக்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மட்டும், பாதிப் பேருக்கு அதோடு மைட்டோசான்ட்ரோனும். வலி தணிந்தவர்கள் பிரெட்னிசோன் பக்கத்தில் 12 சதவீதம், கீமோ பக்கத்தில் 29 சதவீதம். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது, ஏனென்றால் அந்த ஆய்வு கேட்டதே வலியைப் பற்றித்தான். ராத்திரி தூங்கமுடியாமல் புரளும் ஒரு மனிதரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றாது.

அப்புறம் 2004-இல் டாக்ஸ் 327 என்ற ஆய்வு. 1,006 ஆண்கள், மூன்று குழு. முதல் குழுவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை டோசிடாக்செல், இரண்டாவதுக்கு வாராவாரம் குறைந்த அளவில் அதே மருந்து, மூன்றாவதுக்கு மைட்டோசான்ட்ரோன். பிஎஸ்ஏ பாதிக்கு மேல் இறங்கியவர்கள் முதல் குழுவில் 45 சதவீதம், வாராவாரக் குழுவில் 48, மைட்டோசான்ட்ரோனில் 32. இதை மட்டும் பார்த்தால் வாராவாரம் எடுப்பதுதான் நல்லது என்று தோன்றும், இல்லையா? ஆயுள் கணக்கில் நடுமதிப்பு முறையே 18.9 மாதம், 17.4 மாதம், 16.5 மாதம். மைட்டோசான்ட்ரோனைவிடத் தெளிவாக முன்னே நின்றது மூன்று வாரத்துக்கு ஒருமுறை முறைதான். வாராவார முறையின் லாபம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் இருந்தது. பிஎஸ்ஏ இரண்டிலும் ஒரேமாதிரி இறங்கியும் இந்த வித்தியாசம்.

சாட்ராபிளாட்டின் இன்னும் கசப்பான பாடம். மாத்திரையாகவே விழுங்கக்கூடிய கீமோ, 950 பேர் கலந்துகொண்ட ஆய்வு. நோய் முன்னேறுவதை அது தள்ளிப்போட்டது, வலியையும் தள்ளிப்போட்டது. கடைசியில் ஆயுளைப் பார்த்தால் அதை எடுத்த பக்கமும் எடுக்காத பக்கமும் சுமார் 61 வாரம்தான், வித்தியாசமே இல்லை. இந்த நோய்க்கு மருந்தாக அது சந்தைக்கு வரவில்லை.

ஆகவே படிவத்தில் ஆய்வின் முதன்மை நோக்கம் என்று ஒரு பத்தி இருக்கும், அதைத் தேடிப் பிடித்துக் கோடு போடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, உங்களுக்கு எது முக்கியம் என்று நீங்களும் எழுதுங்கள். அப்பா எழுதியது, "வலி இல்லாமல் நடக்கணும்." இரண்டும் பொருந்தாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்துகொண்டு போடும் கையெழுத்து வேறு. நடுமதிப்பு என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 18.9 மாதம் என்றால் பாதிப் பேர் அதற்கு முன்னாலும் பாதிப் பேர் அதற்குப் பின்னாலும் என்றுதான் பொருள். உங்கள் வீட்டு மனிதருக்கு அது தேதி குறிப்பதில்லை.

படிவத்தில் விரல் வைத்துப் படிக்கவேண்டிய இடங்கள்

எல்லாப் பக்கத்தையும் ஒரே கவனத்தோடு படிக்க யாராலும் முடியாது. இவற்றை மட்டும் விடாதீர்கள்: எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் என்ற வாக்கியம், மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, கூடுதலாக எடுக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வந்துபோகும் செலவு யாருடையது, எடுக்கும் ரத்தத்தையும் திசுவையும் பின்னால் எதற்குப் பயன்படுத்துவார்கள், நன்மை தெரிந்தால் ஆய்வு முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா. ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் கட்டாயம் இருக்கும், அதைத் தனியாக எழுதி வையுங்கள். ஆய்வு நடத்துபவர்களைச் சாராத கண்காணிப்புக் குழு ஒன்று இடையிடையே கணக்குப் பார்க்கிறதா என்றும் கேளுங்கள். கால்சிட்ரியால் ஆய்வு நடுவில் நின்றது இப்படிப்பட்ட ஒரு இடைக்காலப் பார்வையில்தான். ஆய்வின் பதிவு எண்ணை வாங்கி, 2000-இல் தொடங்கிய அமெரிக்கப் பதிவேட்டிலோ (ClinicalTrials.gov) உலகச் சுகாதார நிறுவனத்தின் தேடல் தளத்திலோ போட்டுப் பாருங்கள். அங்கே எண் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்காமல் விடாதீர்கள்.

தகுதிப் பரிசோதனை, மறைக்கக்கூடாத மருந்துகள்

ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், சில ஆய்வுகளில் இதயம், எலும்பு ஸ்கேன், சிடி ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். உடல்நிலைக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 0 என்றால் வழக்கம்போல எல்லா வேலையும் செய்பவர், 4 என்றால் முழுக்கப் படுக்கையில் இருப்பவர். பல ஆய்வுகள் 2-க்கு மேல் எடுப்பதில்லை. சேர்ந்துவிடவேண்டும் என்ற ஆசையில் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், ஏற்றப்போகும் மருந்தைத் தாங்கவேண்டியது அந்த உடம்புதான்.

எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரை, சூரணம், கஷாயம், சத்துப்பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். டோசிடாக்செலையும் கபாசிடாக்செலையும் கல்லீரலில் உடைப்பது ஒரே நொதிக் குடும்பம். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் அதைத் தடுத்தால் கீமோ ரத்தத்தில் தேங்கும், சில மூலிகைகள் அதைத் தூண்டிவிட்டால் கீமோ சீக்கிரம் கரைந்துபோகும். மூலிகைதானே என்று சொல்லாமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு பிசி-ஸ்பெஸ் என்ற கலவை சாட்சி. புராஸ்டேட் புற்றுக்கு மூலிகை மருந்து என்று விற்றார்கள், பிஎஸ்ஏ உண்மையிலேயே இறங்கியது. பிரித்துப் பார்த்தால் அதில் செயற்கைப் பெண் ஹார்மோனும், ரத்தம் உறையாமல் செய்யும் வார்ஃபரினும், இண்டோமெதசின் என்ற வலி மருந்தும் கலந்திருந்தன. 2002-இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மருந்து ஏற்றும் நாளும் அதற்குப் பின் வரும் இரவுகளும்

டோசிடாக்செல் என்றால் பொதுவாக 21 நாளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேர ட்ரிப். அதற்கு 12 மணி, 3 மணி, 1 மணி நேரம் முன்பாக டெக்சாமெதசோன் மாத்திரை தருவார்கள். ஒவ்வாமையைத் தடுக்கவும் உடம்பில் நீர் கட்டாமல் இருக்கவும் அது வேண்டும், ஒரு வேளை மறந்திருந்தாலும் நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு தடவை ஏற்றும்போது ஆரம்ப நிமிடங்களில் மூச்சு இறுக்கம், முகச் சிவப்பு, முதுகுவலி வந்தாலும், ஊசி குத்திய இடத்தில் எரிந்தாலும், "கொஞ்சம் பார்ப்போம்" என்று பொறுக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் தரைக்கு இறங்கும் நாட்கள் வரும். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பவேண்டியதுதான். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. மூன்றாவது சுழற்சியின், அதாவது மூன்றாவது ட்ரிப்பின், ஒன்பதாம் நாள் அப்பாவுக்கு 38.4. ஆய்வில் சேர்ந்தவர் என்று காட்டத் தந்திருந்த அட்டையில் இருந்த எண்ணை மூன்று முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். இரவுப் பணியில் இருந்தவர் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை எழுதப்போனார். அந்த அட்டையை அவர் கையில் கொடுத்து, "கீமோ எடுத்து ஒன்பது நாள், அணுக்களை எண்ணிப் பாருங்கள்" என்று சொன்ன பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள், அணுக்கள் மோசமாக இறங்கியிருந்தன, உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். அதனால் சொல்கிறேன், முதல் ட்ரிப்புக்கு முன்பே அந்த எண்ணை ஒரு இரவு அழைத்துப் பாருங்கள். எடுக்காவிட்டால் மாற்று எண் கேட்டு வாங்குங்கள். அட்டையின் பிரதி ஒன்று வீட்டுக் கதவருகே தொங்கட்டும்.

இன்னொரு அவசரம் மருந்தால் வருவதல்ல, நோயால் வருவது. முதுகில் புதிதாக, விடாமல் வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஓடுங்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

விரல் நுனி மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போட வராமல் தடுமாறுவது, நகம் கறுத்துத் தூக்குவது, கால் வீக்கம், வயிற்றுப்போக்கு இவையெல்லாம் மெதுவாக வரும், மெதுவாக வருவதாலேயே சொல்லாமல் விட்டுவிடுவோம். அளவைக் குறைக்க வழி இருக்கிறது. கபாசிடாக்செலை உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராமுக்குப் பதில் 20 கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் ஆயுள் சொல்லும்படி குறையவில்லை, தொல்லைகள் குறைந்தன. சொன்னால் மருந்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து மறைக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவர் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் அப்பாவின் பதில் எப்போதும், "பரவாயில்லைங்க." நாலாவது சுழற்சியில் அப்படித்தான் சொன்னார். நான் நோட்டைத் திறந்து காட்டினேன். இரவு 3 மணிக்கு வலி 7, மார்ஃபின் மாத்திரை கூடுதலாக ஒன்று, அடுத்த இரவும் அதேபோல ஒன்று, அதற்கடுத்த இரவு இரண்டு. மருத்துவர் பேனாவை கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார், அப்பா ஜன்னலைப் பார்த்தார். அன்றைக்கு வலி மருந்தின் அளவு மாறியது. ஆய்வின் தாளிலும் 2 என்று விழவிருந்த எண் 7 ஆனது. வலி குறைந்தது என்று இந்த ஆய்வுகள் எழுதுவது, எண் இறங்கி, வலி மாத்திரையும் கூடாமல் இருந்தால்தான். நம் "பரவாயில்லை" அப்படியே கணக்கில் ஏறினால், நாளைக்கு இன்னொருவருக்கு இந்த மருந்தை எழுதும் மருத்துவர் தப்பான எண்ணைப் பார்த்துத்தான் எழுதுவார்.

தினமும் ஒரே நேரத்தில் 0 முதல் 10-க்குள் வலிக்கு ஓர் எண், அன்று எடுத்த எல்லா வலி மாத்திரைகளின் எண்ணிக்கை, உடல் வெப்பம், எத்தனை தடவை வயிறு போனது, எவ்வளவு தூரம் நடந்தார், இவ்வளவு போதும். எழுதுவது கூட இருப்பவராக இருப்பது நல்லது. நோயாளி எழுதினால் எண்கள் கொஞ்சம் மரியாதையாக வந்துவிடும்.

பிஎஸ்ஏவை வாராவாரம் பார்த்து மனசை உடைத்துக்கொள்ளாதீர்கள். கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் அது ஏறிவிட்டுப் பிறகு இறங்குவது உண்டு, அதனால்தான் 12 வாரத்துக்கு முன் வரும் ஏற்றத்தை மட்டும் வைத்து மருந்தை நிறுத்தவேண்டாம் என்கிறார்கள். எலும்பு ஸ்கேனும் அப்படித்தான், ஆறும் எலும்பும் புதுப் புள்ளியாகத் தெரியும். முதல் ஸ்கேனில் இரண்டு புதுப் புள்ளி வந்தால் உடனே தோல்வி என்று எழுதமாட்டார்கள், அடுத்த ஸ்கேனில் குறைந்தது இன்னும் இரண்டு வந்தால்தான் நோய் முன்னேறியதாகக் கணக்கு. அதேசமயம் பிஎஸ்ஏ தாழ்வாகவே இருக்க, கல்லீரல் போன்ற இடங்களில் கட்டி வளர்ந்தால், நோய் தன் குணத்தையே மாற்றிக்கொண்டிருக்கலாம். மறுபடி திசு எடுத்துப் பார்க்கவேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

விலகும்போது வாங்கவேண்டியவை

அப்பா எட்டாவது சுழற்சியோடு நிறுத்திக்கொண்டார். கால் மரத்துப்போய் மாடிப்படி இறங்கப் பயந்தார், பிஎஸ்ஏ மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. யாரும் வருத்தப்படவில்லை, யாரும் தடுக்கவில்லை. கிளம்பும்போது இதுவரை ஏறிய மொத்த மருந்தளவு எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். மைட்டோசான்ட்ரோன் போன்றவற்றில் ஆயுள் முழுவதற்குமான மொத்த அளவு கூடினால் இதயம் கெடும் என்பதால் இந்த எண் வெறும் காகிதம் அல்ல. கடைசி ஸ்கேனின் படத்தையும் அறிக்கையோடு சேர்த்து வாங்குங்கள். கடைசி ட்ரிப்புக்குப் பிறகும் பக்கவிளைவைக் கவனிக்கவும் ஆயுள் கணக்குக்காகவும் ஆய்விலிருந்து அவ்வப்போது அழைப்பார்கள், அதற்கு மட்டும் சம்மதமா என்று தனியாகக் கேட்பார்கள். முடிந்தால் சரி சொல்லுங்கள், அந்த அழைப்புகள் இல்லாமல் முன்னே சொன்ன எந்த எண்ணும் கிடைத்திருக்காது.

நமக்கு விழுந்தது புது மருந்தா வெற்று மாத்திரையா, மொத்த ஆய்வின் முடிவு என்ன என்பதை ஆய்வு முடிந்ததும் தெரிவிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்கு ஒரு சின்னப் படிவம் வைத்திருந்தார்கள். அப்பா தன் முகவரியை எழுதிவிட்டு, கீழே என் தொலைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார். "முடிவு வர வருஷக்கணக்கில் ஆகுமாம். அப்போ நான் எடுக்கலைன்னாலும் நீ எடுத்துக் கேட்டுக்கோ."